கடைசி அறைக்கு அடுத்தது

சோதனை ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை, அதுதான் தொல்லை. மீனலோசனி நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கால்களை நீட்டிக்கொண்டாள். திரையில் இரண்டு எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அனுப்பியது ஒன்று, வந்து சேர்ந்தது ஒன்று. இரண்டும் ஒன்றுபோல ஏறின. அவற்றுக்குக் கீழே, தொலைந்தது என்ற இடத்தில் பூஜ்ஜியம் அசையாமல் இருந்தது. நேற்று இதே இடத்தில் பாதிக்குப் பாதி தொலைந்துகொண்டிருந்தது, இன்று பூஜ்ஜியம், சந்தோஷப்பட வேண்டியதுதானே, ஏன் மனம் ஒட்டவில்லை, மதியம் தயிர்சாதம் சரியில்லையோ, இல்லை, தயிர்சாதம் நன்றாகத்தான் இருந்தது, மாதுளை முத்தெல்லாம் போட்டுக் கட்டிக்கொடுத்திருந்தான் அவள் கணவன் நம்பி, முத்துக்களை உதிர்க்க அவனுக்குக் கண் தேவையில்லை, கரண்டியால் தட்டியே உதிர்த்துவிடுவான், அதுவும் அவள் குளித்துவிட்டு வருவதற்குள். மணி இரண்டு ஐம்பது. நான்கு மணிக்கு ரங்கநாயகம் சார் வருவார், கம்பெனி அவருடையது, அனுப்பிவிடலாமா லோசனி என்று கேட்பார், அவள் அனுப்பிவிடலாம் என்பாள், ஈரோட்டில் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கும் பெட்டிக்குப் புது மென்பொருள் போய்ச் சேரும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். மாற்றியது ஒரே ஓர் எண். 1518 என்று இருந்ததை 1522 ஆக்கினாள், அவ்வளவுதான், எட்டை எடுத்து இரண்டு, ஒன்றை எடுத்து இரண்டு, இரண்டு விசைத் தட்டல். ஆனால் அந்தப் பதினெட்டைப் போட்டவன் நம்பி. பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே பீளமேட்டு அலுவலகத்தில், சன்னலோரம் அதோ இப்போது அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் மேஜையில் உட்கார்ந்து போட்டான். அதை அவனிடம் சொல்வதா, வேண்டாமா. சொல்லாவிட்டால் என்ன. யாருக்குத் தெரியப்போகிறது. அவனால் இனித் திறந்து படிக்கவும் முடியாது. இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே முகம் சுட்டது, யாரோ பார்த்துவிட்டதுபோலச் சுற்றிப் பார்த்தாள், யாருமில்லை, எல்லாரும் டீக்குப் போயிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை அந்த சிஸ்டர் கூப்பிட்டிருக்காவிட்டால் இதெல்லாம் இல்லை. அமலோற்பவம் என்று பெயர் சொன்னார், தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸ், குரலில் அவசரமே இல்லை, ஆனால் வைத்துவிடவும் விடவில்லை. "நம்பர் வருதுங்க மேடம், கோடுதான் வரமாட்டேங்குது." அதைக் கேட்டு முதலில் அவள் வழக்கமான பதிலைச் சொன்னாள், ஒயரைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள் என்று. செருகிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன் என்றார் சிஸ்டர். ஒவ்வொரு படுக்கையிலும் இருக்கும் கருவியிலிருந்து நாடித்துடிப்பு எண்ணும் இதயத்தின் அலைக்கோடும் கிளம்பி, இவர்கள் செய்த பெட்டி வழியாக, நர்ஸ்களின் மேஜையில் இருக்கும் ஒரே திரைக்குப் போக வேண்டும். எண் போனது, கோடு போகவில்லை. அன்று முழுக்க லோசனி இங்கே இருந்துகொண்டே அங்கே இருக்கும் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், இருக்கிறாயா என்றால் இருக்கிறேன் என்று உடனே பதில் சொன்னது, நூறு தடவை கேட்டால் நூறு தடவையும். பிறகுதான் தெரிந்தது, போன வாரம் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க்கை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், வரவேற்பறைக் கணினிகள் ஒரு பக்கம், வார்டு ஒரு பக்கம், எது யாருடையது என்று தெரிய, தகவல் பொட்டலமாகப் போகிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள், சீட்டின் நீளம் நான்கு பைட். எண் சின்ன பாக்கெட், சீட்டு ஒட்டினாலும் நுழைந்துவிடும். கோடு பெரியது, ஏற்கெனவே 1518, அதுதான் நம்பி வைத்த எல்லை, சீட்டோடு 1522 ஆனதும் பெட்டிக்குள் இருக்கும் நெட்வொர்க் சிப் வாசலிலேயே அதைக் குப்பையில் போட்டது, சத்தமில்லாமல், புகாரில்லாமல், அதற்கு இட்ட கட்டளை அப்படி. இதைக் கண்டுபிடிக்க இவளுக்கு இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் அங்கே நர்ஸ்கள் திரையை நம்பாமல் கட்டிலுக்குக் கட்டில் நின்றுகொண்டிருந்தார்கள், பன்னிரண்டு கட்டில், ஒரு ஷிப்டுக்கு நான்கு பேர். பிள்ளைங்க கால் வீங்கிப்போச்சு மேடம் என்பதைக்கூட சிஸ்டர் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார், அதுதான் அதிகமாக உறைத்தது.

நம்பி அதை மறந்துதான் போனானா, இல்லை அந்தக் காலத்தில் சீட்டு ஒட்டுகிற வழக்கமே பரவலாக இல்லையா. இருந்தது. இருந்ததா. இருந்தது, புத்தகத்தில் இருந்தது, ஆனால் சின்ன ஆஸ்பத்திரிகளில் யார் செய்தார்கள், அவனைக் குற்றம் சொல்ல முடியாது, குற்றம் என்று யார் சொன்னார்கள் இப்போது, நீயாகவே சொல்கிறாய், நீயாகவே வக்கீலாகவும் நிற்கிறாய். போன தீபாவளிக்கு அவனுடைய பழைய சிநேகிதர் குடும்பத்தோடு வந்திருந்தபோது பேச்சுவாக்கில் அவன் சொன்னதை அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். நான் செஞ்சதுல உருப்படியானது அந்த டிரைவர் ஒண்ணுதான், பதினோரு வருஷமாச்சு, அதுல ஒருத்தரும் கை வைக்கல என்றான். சிநேகிதர் கார் ஓட்டுகிற டிரைவர் என்று நினைத்துவிட்டார். நம்பி சிரித்துக்கொண்டே விளக்கினான், சிப்புக்கும் பெட்டியின் மூளைக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற சின்ன மென்பொருள், அதற்குத்தான் டிரைவர் என்று பெயர், வருகிற பாக்கெட்டைத் தங்க வைக்க வரிசையாக அறைகள் கட்டிவைப்பதும் அதன் வேலை. எல்லாரும் பஃபர் என்பதை அவன் மட்டும் அறை என்பான், நிறுவனத்தில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அப்படித்தான், அம்பாசமுத்திரத்துத் தமிழில் அறை, அறைச்சுவர், அறை வாசல் என்று அவன் பேசுவதைக் கேட்டு இவள் பொள்ளாச்சிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அப்போது அவனை நம்பி என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள், கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் முன்னால் ஏங்க என்று ஆரம்பித்து அதுவே நின்றுவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் கண்ணின் நடுவில் ஒரு கறை வந்தது. ஓரங்கள் தெரியும், நேராகப் பார்ப்பது தெரியாது. திரையில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது என்றான். பிறகு எறும்பும் இல்லை என்றான். வேலையை விட்டுவிட்டு வந்த அன்று அவன் அழவில்லை, கத்தவில்லை, ஒன்பது நாள் வாயைத் திறக்காமல் இருந்தான், அதுதான், அந்த ஒன்பது நாள்தான் அவளுக்கு இப்போதும் பயம், மறுபடி அந்த மாதிரி ஒரு மௌனம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வாள். இப்போது நன்றாக இருக்கிறான். காலையில் நான்கு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வாயாலேயே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான், சமைக்கிறான், ரேடியோ கேட்கிறான், அவள் வரும்போது படியில் செருப்புச் சத்தத்திலேயே அவளுக்குத் தலைவலியா இல்லையா என்று சொல்கிறான். நன்றாக இருக்கிறவனிடம் போய் உங்கள் பதினெட்டு தப்பு என்று எதற்குச் சொல்ல வேண்டும். எட்டை எடுத்து இரண்டு. இரண்டு விசைத் தட்டல். தொலைந்தது பூஜ்ஜியம்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, அவிநாசி சாலைப் பக்கமிருந்து காற்று கிளம்பிச் சன்னல் கதவை ஒரு அடி அடித்தது, முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. மொட்டைமாடியில் துணி காய்கிறது. அவனுக்குத் தெரிந்திருக்கும், மழை வாசனை அவனுக்குத்தான் முதலில் தெரியும், இருந்தாலும் துணியைச் சொல்லத்தான் கூப்பிடுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் எடுத்ததுமே அவன், துணியெல்லாம் எடுத்துவிட்டேன், உன் நீலத் துப்பட்டா மட்டும் ஈரம் என்றான். சரி என்றாள். வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் பாத்திரத்தில் எதுவோ மெல்லக் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"ஏளா, என்ன விஷயம். துணிக்கு இவ்வளவு நேரம் மூச்சு விடமாட்டியே நீ."

சொல்லிவிட்டாள். எப்படிச் சொல்லக்கூடாது என்று அரை மணி நேரமாக நினைத்தாளோ அப்படியே சொன்னாள், ஈரோடு, சிஸ்டர், எண் வருகிறது, கோடு வரவில்லை, சீட்டு, நான்கு பைட், கடைசியில் குரல் தேய்ந்துபோய், 1518ன்னு இருந்துச்சுங்க என்றாள், யார் வைத்தது என்று சொல்லாமல், என்னவோ மழையில் தானாக முளைத்ததுபோல. அந்தப் பக்கம் கொதிக்கிற சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருக்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் நொடிகளை எண்ணினாள், ஒன்பது நாள் நினைவுக்கு வந்தது.

"அது நான் விட்டது," என்றான் அவன். "சீட்டுக்கு இடம் விட்டிருக்கணும். யோசிச்சேன், அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன். அன்னைக்கு அந்தப் பெட்டியில இடமே இல்ல, நாலு நாலு பைட்டா பிச்சை எடுத்துட்டிருந்தோம். நீ என்ன பண்ணினே?"

1522 ஆக்கிவிட்டேன், சோதனை ஓடுகிறது, எட்டு லட்சம் பாக்கெட் போய்விட்டது, ஒன்றுகூடத் தொலையவில்லை என்றாள். சொல்லும்போதே குரலில் தெம்பு வந்துவிட்டது, அவன் உடைந்துபோகவில்லை, சாதாரணமாகப் பேசுகிறான், இதற்கா இவ்வளவு யோசித்தோம். அவன் மட்டும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"வாசலை அகலமாக்கிட்டே, சரி. அறையை?"

அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. இவ்வளவு நீளம் வரை உள்ளே விடலாம் என்று சிப்புக்குச் சொல்வது ஓர் இடத்தில், வந்ததை வைக்க நினைவகத்தில் அறை ஒதுக்குவது வேறோர் இடத்தில். அவள் முதலாவதை மட்டும் தொட்டாள். இரண்டாவதில் நம்பி ஒவ்வோர் அறைக்கும் 1520 ஒதுக்கியிருந்தான், சிப் முதல் இரண்டு பைட்டைக் காலியாக விட்டுத்தான் எழுதத் தொடங்கும், இரண்டும் 1518ம் சேர்ந்து கனகச்சிதம், ஒரு மயிரிழை மிச்சமில்லை. இப்போது 1522 வந்தால் நான்கு பைட் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் விழும். சிப்புக்குச் சுவர் தெரியாது, எழுது என்றால் எழுதும். அப்படியென்றால் சோதனை ஏன் சரியாக ஓடுகிறது, எட்டு லட்சத்தில் ஒன்றாவது கெட்டிருக்க வேண்டாமா என்று அவள் கேட்டாள், கிட்டத்தட்ட சண்டைபோடும் குரலில்.

பதினாறு அறையும் வரிசையாக ஒட்டி ஒட்டித்தானே இருக்கின்றன என்றான் அவன் நிதானமாக. முதல் அறையில் வழிந்தது இரண்டாவது அறை வாசலில் விழும், அடுத்த பாக்கெட் வந்து அதன் மேலேயே எழுதிவிடும், தடயமே இருக்காது. இரண்டாவது மூன்றாவதில், மூன்றாவது நான்காவதில், அப்படியே.

"பதினாறாவது அறைக்கு அடுத்தாப்ல என்ன இருக்குன்னு பாரு."

போனை மேஜைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தாள், நீண்ட பட்டியல், விரல் உருட்டிக்கொண்டே போனது, விரல் தன்னுடையதுபோல இல்லை, எப்போதோ பரீட்சை முடிவு ஒட்டிய பலகையில் தன் எண்ணைத் தேடிய விரல் இப்படித்தான் இருந்தது, அன்று அவள் பாஸ், இன்று தெரியவில்லை. அறைகள் முடியும் இடம் வந்தது. அதற்கு அடுத்த வரி. அவள் அதை ஒருமுறை மனதுக்குள் படித்தாள், இன்னொருமுறை வாய்விட்டுப் படித்தாள். படுக்கைகளின் அலாரம் எல்லைகள். முதல் படுக்கையிலிருந்து ஆரம்பம். துடிப்பு இந்த எண்ணுக்கு மேல் போனால், இந்த எண்ணுக்குக் கீழ் போனால் மணி அடிக்க வேண்டும் என்று நர்ஸ்கள் குறித்துவைக்கும் இடம். சோதனைப் பெட்டியில் அவள் காலையில் குறித்தது மேலே நூற்றிருபது, கீழே ஐம்பது. இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டாள். பெட்டி சொன்னது, மேலே நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். கீழே எட்டு. மறுபடி கேட்டாள், வேறு இரண்டு எண். மறுபடி, வேறு இரண்டு. பக்கத்துச் சாளரத்தில் தொலைந்தது பூஜ்ஜியம் என்று இன்னமும் அழகாக நின்றுகொண்டிருந்தது. நிமிடத்துக்கு நாற்பத்தெட்டாயிரம் தடவை துடிக்கிற இதயம் எங்கே இருக்கிறது. அது துடித்தால்தான் மணி அடிக்கும். கோடு ஓடும், எல்லாரும் நிம்மதியாக உட்காருவார்கள், பிள்ளைகள் வீங்கின காலை நீட்டிக்கொள்வார்கள், முதல் படுக்கை மட்டும் வாயடைத்துக் கிடக்கும், யார் இருப்பார்கள் அந்தப் படுக்கையில், அவளுக்குத் தெரியாது, ஒரு முகமும் தோன்றவில்லை, போர்வையின் மடிப்பும் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாதமும் மட்டும் தோன்றின. இன்னும் இருபது நிமிடம். இருபது நிமிடம் கழித்து அனுப்பிவிடலாம் சார் என்று சொல்லியிருப்பாள். துணிக்காகக் கூப்பிடாமல் இருந்திருந்தால். வெட்கப்பட்டுக்கொண்டு, அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய் அவன் வைத்த குழம்பைச் சாப்பிட்டிருந்தால்.

"லோசு," என்றான் போனில், "இருக்கியா?"

இருக்கேன் என்றாள். அவளுடைய மூச்சு சரியாகும்வரை அந்தப் பக்கம் அவன் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று தோன்றியது, இங்கே பெய்ததும் அங்கே பெய்ததும் ஒரே மழைதான். பிறகு அவன், அறையை 1536 ஆக்கு, நான் செய்தமாதிரி பிடித்துப் பிடித்துக் கட்டாதே, இப்போதுதான் இடம் இருக்கிறதே என்றான். பதினாறு அறைக்கும் சேர்த்து 256 பைட் கூடுதல், தாராளமாக இருந்தது. மாற்றினாள். கூடவே இன்னொன்றையும் சேர்த்தாள், அறையைவிட வாசல் பெரிதாக இருந்தால் மென்பொருள் உருவாகவே மறுத்துவிட வேண்டும் என்று ஒரு வரி. அதை வாசித்துக் காட்டியபோது, இது எனக்குத் தோணவே இல்ல பாரு என்றான் நம்பி, அவன் குரலில் இருந்தது பொறாமையா பெருமையா என்று அவளால் பிரிக்க முடியவில்லை, பிரிக்க வேண்டியும் இருக்கவில்லை.

ரங்கநாயகம் சார் நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். நடந்ததை அவள் மறைக்காமல் சொன்னாள், தன் 1522ல் ஆரம்பித்து நாற்பத்தெட்டாயிரம்வரை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். எப்போது அனுப்ப முடியும் என்று மட்டும் கேட்டார். டிரைவர் முழுவதையும் வரிக்கு வரி இன்னொருவரோடு உட்கார்ந்து பார்க்காமல் அனுப்பமாட்டேன், நாளைக் காலை என்றாள். இன்னொருவர் யார், இந்த டிரைவர் தெரிந்தவர் இங்கே யார் இருக்கிறார் என்று அவர் கேட்டபோது அவள் மேஜைமேல் இருந்த போனைக் காட்டினாள். வணக்கம் சார் என்றது போன். மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்கிற குரல், ரங்கநாயகம் சாருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போனைப் பார்த்துக் கும்பிட்டார், பிறகு அது தெரியாதே என்று உறைத்து, நம்பி, நல்லா இருக்கீங்களா என்று குனிந்து கேட்டார். சிஸ்டர் அமலோற்பவத்திடம் அவள்தான் பேசினாள். இன்னும் ஓர் இரவு நிற்க வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஏன் என்று கேட்டு, பதிலை முழுவதும் கேட்டுக்கொண்டு, சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். அப்ப நிக்கிறோம் மேடம், நீங்க நல்லாப் பார்த்துட்டே அனுப்புங்க என்றார்.

எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ குடையைத் தேடினார்கள். அவள் போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள், முந்நூற்றுச் சொச்சம் வரி, சங்கதிகளைத் தமிழில் சொல்லி, எண்களை நிறுத்தி நிறுத்தி. அவன் கேட்டான். சில இடங்களில் அவள் வாசிப்பதற்கு முன்பே அடுத்த வரியைச் சொன்னான், சில இடங்களில் திரும்ப வாசிக்கச் சொன்னான், ஓரிடத்தில் இதைப் போய் யார் எழுதினது என்று சலித்துக்கொண்டான், நீங்கதான் என்றாள், சரி மேல போ என்றான். கடைசியாக எப்போது இப்படி உட்கார்ந்தோம், உட்கார்ந்ததே இல்லையோ, அந்த நாளில் அவன் மேஜை அங்கே, இவள் மேஜை இங்கே, நடுவில் எட்டுப் பேர். இப்போது அவன் மூச்சுகூடக் கேட்கிறது. நூற்றெண்பதாவது வரியைத் தாண்டி, சிப் தூங்கிக்கிடந்தால் அதைத் தட்டி எழுப்பும் இடத்துக்கு வந்தாள். எழவில்லையென்றால் சற்றுப் பொறுத்து மறுபடி தட்ட வேண்டும். இருபத்தேழு தடவை என்று இருந்தது. அவள் நிறுத்தினாள். சிப்போடு வந்த புத்தகத்தில் பத்துத் தடவை போதும் என்று போட்டிருப்பது அவளுக்கு நினைவிருந்தது.

ஏன் இருபத்தேழு என்று கேட்டாள்.

சும்மாதான் என்றான். சும்மா என்றால் என்ன அர்த்தம், நாளைக்கு இதற்கும் நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த மௌனம் அவளைப் பயமுறுத்தவில்லை, இதில் ஒரு கூச்சம் இருந்தது.

"கட்டிக்கிறியான்னு நான் உங்கிட்டக் கேட்டதுக்கு அப்புறம் நீ சரின்னு சொல்ல இருபத்தேழு நாள் ஆச்சு. அந்த வாரந்தான் இதை எழுதினேன்."

அவள் இத்தனை வருஷமும் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு வாரம் யோசித்தேன் என்றே சொல்லிவந்திருந்தாள். உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள். இருபத்தேழு நாள் ஒருவன் சன்னலோர மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் கேட்காமல் அறைகளைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"பத்துப் போதும்னு போட்டிருக்குங்க," என்றாள்.

"போதும்தான். எனக்குப் பத்துல ஆகலையே." பிறகு, வேலைக்காரனாக, "மாத்தணும்னா மாத்திடு," என்றான்.

அவள் அந்த வரியை நன்றாகப் பார்த்தாள். பத்தாவது தட்டலில் எழுகிற சிப் பத்தாவதிலேயே எழுந்துவிடும். மிச்சம் பதினேழும் யாருக்கும் இடைஞ்சலில்லை. எதன் மேலும் வழியவில்லை.

"இருக்கட்டும்," என்றாள். அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கினாள்.